பெரட்டுக் களமும் கலைக் களமும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் அரங்கம் பற்றிப் பேசப் புகுவோர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவது மரபு. மாதவியின் ஆடலைச் சொல்வதற்கு முன்னரே இளங்கோவடிகள் அவள் ஆடிய மேடையைச் சொல்லிவிடுகிறார். மேடைக்குரிய நிலம் தேர்ந்தெடுக்கப்படுவது, மூங்கிலால் அளவுகோல் செய்யப்படுவது, அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக மேடை அமைவது, தூண்களின் நிழல் ஆடுவோர்மீது விழாதவாறு விளக்கு வைப்பது, மூவகை எழினிகள் வகுக்கப்படுவது என அனைத்தும் முறையாகக் கூறப்படுகின்றன. கலையை மதிப்பிடுமுன் கலை நிகழும் இடத்தை அளந்தறிய வேண்டும் என்னும் நெறியை இக்காதை நமக்கு உணர்த்துகிறது.

மலேசியத் தமிழர் கலை வரலாற்றை ஆராயும் நாம் இந்நெறியைப் போதிய அளவு பின்பற்றவில்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. தோட்டப்புற மக்களின் பாடல்களைத் தொகுத்திருக்கிறோம். நாடகங்களைப் பற்றியும் கூத்துகளைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். ஆனால் அவை எந்த நிலத்தில் நிகழ்ந்தன, அந்நிலம் யாருடையது, பகலில் அது எதற்குப் பயன்பட்டது, அங்கே கூட யாரிடம் இசைவு பெற வேண்டியிருந்தது என்னும் வினாக்களைப் பெரும்பாலும் எழுப்பாமலே கடந்து வந்திருக்கிறோம்.

படைத்துறைக்கென எழுந்த கூடங்கள் பிற்காலத்தில் கேளிக்கைக் கூடங்களாக மாறிய வரலாறு உலகின் பல நகரங்களுக்கு உண்டு. அத்தகைய மாற்றம் தேயிலைத் தோட்டத் தமிழரிடையே எவ்வடிவில் நிகழ்ந்தது என்பதைக் கேமரன் மலையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டத் தமிழனுக்கு வாய்த்த படைக்கூடம் கல்லால் ஆனதன்று; அது நாள்தோறும் காலையில் அவன் வரிசையில் நின்ற பெரட்டுக் களமே என்பது நாம் ஈண்டு முன்வைக்கும் கருத்து.

மலையும் படையும்

கேமரன் மலை, 1885ஆம் ஆண்டு அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரைத் தாங்கியது. தாப்பாவிலிருந்து சாலை அமைந்த பின்னரே அங்குக் குடியேற்றம் பெருகியது. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் துறையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றியது. மலையில் தேயிலை வேரூன்றியபோதே தமிழ்த் தொழிலாளரும் வேரூன்றினர். ரிங்லெட், தானா ராத்தா ஆகிய ஊர்களிலும் போ, புளூ வேலி, சுங்கை பாலாஸ் முதலிய தோட்டங்களின் பெயரிலும் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் அக்குடியேற்றத்தின் சான்றுகளாக விளங்குகின்றன.

இம்மலையை ஆங்கிலேயர் குளிர்வாழிடமாகவே முதலில் கண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது படையின் வாழிடமாகவும் ஆயிற்று. ஆன் கிரிபித் ஜோன்ஸ் 1930களில் நடத்தத் தொடங்கிய உறைவிடப் பள்ளி இருந்த இடத்தில், 1951ஆம் ஆண்டு பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி திறக்கப்பட்டது. பீல்டு மார்ஷல் ஸ்லிம்மின் பெயரைக் கொண்ட அப்பள்ளி 1964ஆம் ஆண்டு மூடப்பட்டது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே உள்ள ஆல் சோல்ஸ் தேவாலயம், படையிடமிருந்து கிடைத்த நிசென் கொட்டகையைக் கொண்டு 1950களின் இறுதியில் எழுப்பப்பட்டதாகும். வளைந்த இரும்புத் தகட்டுக் கூரை கொண்ட படைக் கொட்டகை ஒன்று வழிபாட்டுக் கூடமாக மாறியமைக்கு இம்மலையிலேயே சான்று உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், இவ்வரலாறுகள் எழுதப்பட்டிருப்பதற்கும் தோட்டத் தமிழரின் கூடுமிடங்கள் எழுதப்படாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும். பள்ளியில் படித்தோர் நினைவுக் குறிப்புகள் எழுதினர்; தேவாலயம் தன் பதிவேடுகளைப் பேணியது. ஒரே மலையில், ஒரே காலத்தில், சில கல் தொலைவில் வாழ்ந்த தொழிலாளர் கூடி மகிழ்ந்த இடங்களுக்கு அத்தகைய ஏடுகள் இல்லை. எனவே எழுத்தில் பதிவான கூடங்களின் வரலாறு எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் கண்டு, பின்னர்த் தோட்டத்திற்கு வருவது பயன் தரும்.

கல்லால் ஆன கூடங்கள்

பெங்களூரின் படைக் குடியிருப்பு 1809ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அப்பகுதியில் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறினர் என்பது நாம் அறிந்ததே. அங்கே கப்பன் சாலையில், பெங்களூர்த் துப்பாக்கித் தொண்டர் படையினர் பயிற்சிக்காகப் பயன்படுத்திய கூடம் பின்னாளில் திரையரங்கம் ஆயிற்று. பெயரை மாற்ற வேண்டும் என்றுகூட யாரும் கருதவில்லை. படைப்பிரிவின் முதலெழுத்துகளே பி.ஆர்.வி. எனத் திரையரங்கின் பெயராக நிலைத்தன. திரையரங்கக் காலம் முடிந்தபின் அது மீண்டும் படையினரின் அங்காடியாயிற்று. படையிலிருந்து கேளிக்கைக்கும் கேளிக்கையிலிருந்து படைக்கும் ஒரே கூடம் மாறி மாறிச் சென்றதை இங்குக் காண்கிறோம்.

மலாயாத் தமிழருக்கு இதனினும் நெருக்கமானது சிங்கப்பூரின் கேத்தே அரங்கம். 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் குளிர்சாதன வசதியுடன் திறக்கப்பட்ட இத்திரையரங்கம், 1942இல் சப்பானியரிடம் சிக்கியது. அதன் கட்டடத்தில் சப்பானியரின் பரப்புரை அலுவலகங்கள் இயங்கின. 1943ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் ராஷ் பிகாரி போசிடமிருந்து இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றதும், அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்ததும் இவ்வரங்கிலேயேதான். மறுநாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அப்படையில் சேர்ந்த பெண்களுள் பலர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப்பெண்கள். போர் முடிந்ததும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை இக்கட்டடத்தில் இயங்கியது. பின்னர் அது மீண்டும் முழுமையான திரையரங்கம் ஆயிற்று. 2003ஆம் ஆண்டு அதன் முகப்பு தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் நாம் பெறத்தக்க முடிவு ஒன்றுண்டு. படைக்கும் கேளிக்கைக்கும் தேவைப்படும் இடம் அடிப்படையில் ஒன்றே. பலர் ஒருங்கே நிற்கவோ அமரவோ தக்க பரப்பு, அனைவரின் பார்வையும் ஒரு திசையில் குவியும் அமைப்பு, உள்ளே வருவோரையும் வெளியே செல்வோரையும் கண்காணிக்க இயலும் வாயில் ஆகியன இரண்டிற்கும் பொது. எனவேதான் ஒன்று மற்றொன்றாக எளிதில் மாறுகிறது. ஆயினும் கல்லால் ஆன கூடத்தின் வரலாறு பெரும்பாலும் உரிமையாளர், திறப்பு நாள், இடிப்பு நாள் என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. தரையில் அமர்ந்தவரின் வரலாறு அதில் இடம்பெறுவதில்லை.

பெரட்டு: சொல்லும் இடமும்

தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடிப் பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெற்றுச் செல்லும் நிகழ்ச்சிக்குப் பெரட்டு என்று பெயர். பிரட்டு என்றும் வழங்குவர். இலங்கை மலையகத்திலும் மலேசியத் தோட்டப்புறத்திலும் ஒருங்கே பயின்று வரும் இச்சொல், படை அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு எனக் கொள்வது பொருத்தமாகும். தோட்டத் தொழிலாளர் சீருடை அணிந்தவரல்லர், துப்பாக்கி ஏந்தியவரல்லர். ஆனால் அவர்களின் நாள் படைவீரனின் நாளைப்போல் அணிவகுப்பிலேயே தொடங்கியது. துரை, கிராணி, கங்காணி எனப் படிநிலை வகுத்த அமைப்பின்முன் அவர்கள் நின்றனர். பெயர் அழைக்கப்படுகையில் இல்லாதவனுக்கு அன்றைய கூலி இல்லை.

இச்சொல்லைக் கடன்சொல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஓர் இனம் தன் நாளின் முதல் நிகழ்ச்சிக்குப் படைத்துறைச் சொல்லை ஏற்றுக்கொண்டது என்பது சமூக வரலாற்றுச் சான்றாகும். போ தோட்டத்தின் தொடக்கத்தில் இலங்கை அனுபவம் பங்கு கொண்டிருந்ததை முன்னர்க் கண்டோம். தேயிலைச் செடியோடு தேயிலையை நிருவகிக்கும் முறையும் கடல் கடந்தது என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தின் மறுபக்கம்தான் நமக்கு முதன்மையானது. மலைச்சரிவில் சமதளம் அரிது. ஒவ்வோர் அடி நிலத்திலும் தேயிலை நட முயலும் நிருவாகம், மக்கள் கூடுவதற்கென விட்டுவைக்கும் தளம் மிகச் சிறிது. ஆகவே காலையில் அணிவகுப்பு நிகழ்ந்த இடத்திலேயே, அல்லது அதனை ஒட்டிய திடலிலேயே, மாலையில் பிள்ளைகள் விளையாடினர். திருநாள்களில் கூத்தும் கும்மியும் நிகழ்ந்தன. பிற்காலத்தில் வெள்ளைத் திரை கட்டப்பட்டது. இலங்கை மலையகத்தில் பெரட்டுக்கு மக்களை எழுப்பிய தப்பே காமன் கூத்துக்கும் முழங்கியது என்பது இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. கருவி ஒன்று, அடிப்பவர் ஒருவர், அழைக்கப்படுவோரும் அவர்களே. ஆனால் காலையில் அத்தப்பு ஆணையிட்டது. இரவில் ஆடச் சொன்னது.

கோயில் முன்றிலே தோட்டத் தமிழரின் உண்மையான அரங்கம், பெரட்டுக் களம் அன்று என்று மறுப்போர் இருக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. தோட்டத்துக் கோயில் மக்கள் தம் கூலியிலிருந்து சிறுகச் சேர்த்துக் கட்டியது. திருவிழாவின் நாயகர்கள் அவர்களே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதித்ததால் எழுந்த தமிழ்ப்பள்ளியும் இரவில் கூட்ட அரங்காகப் பயன்பட்டதுண்டு. ஆனால் கோயில் தொடக்கத்திலிருந்தே மக்களின் இடம். பெரட்டுக் களம் அவ்வாறன்று. அது பிறருடைய இடம். பிறர் இடத்தைத் தம் இடமாக்கிக் கொள்ளும்போதுதான் கலையின் சமூக ஆற்றல் வெளிப்படுகிறது. அதனாலேயே நாம் இதனைத் தனித்து நோக்குகிறோம்.

அவசரகாலமும் திரைப்பட வண்டியும்

1948ஆம் ஆண்டு சூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் முடிவுற்றது. இப்பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்திற்கும் படைமுகாமுக்கும் இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. பிரிக்ஸ் திட்டத்தின் பின் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன, முள்வேலிகள் எழுந்தன, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. வேலிவாயிலில் உடல் சோதிக்கப்பட்ட பின்னரே வேலைக்காட்டுக்குச் செல்ல முடிந்தது. பெரட்டு என்னும் சொல் தன் மூலப்பொருளை மீண்டும் பெற்ற காலம் இது எனலாம்.

இதே காலத்தில்தான் தோட்டத் திடலுக்குத் திரைப்படம் பெருமளவில் வந்து சேர்ந்தது. 1946ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு, படையின் திரைப்படக் குழுவினர் விட்டுச்சென்ற கருவிகளைக் கொண்டு தன் பணியைத் தொடங்கியது. பிற்காலத்தில் பிலேம் நெகாரா எனப் பெயர் பெற்றது இதுவே. இப்பிரிவின் படங்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் தகவல் துறையின் நடமாடும் வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டு சென்றன. 1950 முதல் 1951 வரை அவசரகாலத் தகவல் சேவைக்குத் தலைமை வகித்த ஹியூ கார்ல்டன் கிரீன், பின்னர்ப் பிபிசியின் தலைமை இயக்குநரானவர். பொதுவிடங்களில் கூடிக் கேட்பதற்கு வானொலிப் பெட்டிகளும் வழங்கப்பட்டன. படைக்கருவி மக்களின் கேளிக்கைக் கருவியாக மாறியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டும். வண்டியின் நோக்கம் மக்களை மகிழ்விப்பதன்று. அரசின் பக்கம் அவர்களைத் திருப்புவது. ஒரே ஒலிபெருக்கி எச்சரிக்கையையும் பாட்டையும் தந்தது. ஆனால் மக்கள் எதற்காகத் திடலுக்கு வந்தனர் என்பதை அரசின் நோக்கம் தீர்மானிப்பதில்லை. ஊரடங்கால் வீட்டுக்குள் முடங்கிய மனிதன் இரவில் வெளியே அமர்வதற்கு இசைவு பெற்ற சில மணிநேரம் அது. அண்டை லயத்து உறவினரோடு பேசக் கிடைத்த வாய்ப்பு அது. திரையில் ஓடியதை மட்டும் ஆராயும் ஆய்வாளர் திரைக்கு முன்னே நிகழ்ந்த இவ்வாழ்க்கையைத் தவறவிடுவார்.

இரு பார்வைகளும் அவற்றின் போதாமையும்

தோட்டப்புறக் கேளிக்கை குறித்து இருவகைப் பார்வைகளை நாம் காண்கிறோம். முதலாவது நிருவாகப் பார்வை. இதன்படி திடலும் திரைப்படமும் தொழிலாளர் நலத்திட்டங்கள். துரையின் அல்லது அரசின் கொடைகள். இரண்டாவது சீர்திருத்தப் பார்வை. இதன்படி கள்ளும் கூத்தும் சினிமாவும் தோட்டத் தமிழனின் எழுச்சியைக் கெடுத்தவை. அவன் அவற்றிலிருந்து மீட்கப்பட வேண்டியவன். முன்னது ஆவணங்களிலும் பின்னது மேடைகளிலும் ஏடுகளிலும் நெடுங்காலம் ஒலித்தன.

இவை ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. இரண்டும் தொழிலாளியைக் கொடுத்ததை வாங்கிக்கொள்பவனாகவே காண்கின்றன. முன்னதில் அவன் நன்றியுடன் வாங்குகிறான். பின்னதில் அறியாமையால் வாங்குகிறான். தன் காலை அணிவகுத்த அதே மண்ணில் இரவில் விரும்பியவாறு குந்தியிருந்தும் சிரித்தும் உறங்கியும் அவ்விடத்தின் பொருளையே அவன் மாற்றினான் என்பதை இரண்டுமே காணவில்லை.

பொழுதுபோக்கு என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். போக்குவதற்குப் பொழுது ஒருவனிடம் இருத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பொழுதோ பெரட்டு மணியில் தொடங்கிக் கொழுந்து நிறுக்கும் நேரம்வரை பிறருக்கு உரியது. எஞ்சிய சிறு பொழுதே அவனுடையது. ஆகவே அவனுக்குப் பொழுதுபோக்கு என்பது பொழுதை வீணே கழிப்பதன்று, பொழுதை மீட்டுக்கொள்வது. ஆயினும் இம்மீட்சியை மிகைப்படுத்துதலும் தவறாகும். திடலில் கூத்து நிகழ்த்த இசைவு வேண்டியிருந்தது. மறுநாள் பெரட்டுக்குக் குறித்த நேரத்தில் நிற்க வேண்டியிருந்தது. களம் மாறியது; களத்தின் உரிமை மாறவில்லை. கேத்தேயின் முகப்பு நினைவுச் சின்னமாக, பெரட்டுக் களங்களோ பெயர்ப்பலகையின்றி மறைவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

இலக்கியம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் நாவல்கள் ஆகியன பெரும்பாலும் ஆவணங்கள் சொல்லாதவற்றைச் சொல்லின. எனினும் மலேசியத் தமிழ்ப் புனைகதையின் நிலம் பெரிதும் ரப்பர்க் காடாகவே அமைந்தது. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் போன்றோரால் தேயிலை பெற்ற இலக்கிய இடத்தைக் கேமரன் மலைத் தேயிலை இங்குப் பெறவில்லை. குளிரும் சாரலும் மூடுபனியும் சூழ்ந்த மலைத்திடலில் போர்வை போர்த்தி அமர்ந்து படம் பார்த்த அனுபவம் சமவெளி ரப்பர்த் தோட்டத்து அனுபவத்தினின்று வேறானது. அவ்வேறுபாடு இன்னும் எழுதப்படவில்லை.

முடிவுரை

1963ஆம் ஆண்டு இறுதியில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் ஒளிநாடாக்கள் வந்தன. கேளிக்கை திடலைவிட்டு வீட்டுக்குள் சென்றது. தோட்டத் தமிழ்க் குடும்பங்களுள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. இன்று கேமரன் மலைத் தேயிலைக் காடுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் பணிபுரிகின்றனர். சுற்றுலாப் பயணிகள் தேயிலைச் சரிவைப் படமெடுத்துச் செல்கின்றனர். ஒரு காலத்தில் வெள்ளைத் திரை கட்டப்பட்ட சமதளத்தை அவர்கள் அடையாளம் காண வழியில்லை. அவசரகாலத்தில் பத்து வயதினராயிருந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். எனவே காலம் குறுகியுள்ளது.

இப்பணியைப் பல்கலைக்கழகம் மட்டும் செய்து முடித்தல் இயலாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் துணை இன்றியமையாதது. மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்கத்தக்க வினாக்கள் நான்கு. உங்கள் தோட்டத்தில் பெரட்டு எங்கு நின்றது? கூத்தும் படமும் எங்கு நடந்தன? அதற்கு யாரிடம் இசைவு கேட்டீர்கள்? யார் எங்கு அமர்ந்தார்கள்? நான்காவது வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கிராணி நாற்காலியிலும் கங்காணி பலகையிலும் மற்றவர் தரையிலுமா, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமா, சாதி பார்த்து அமர்ந்தார்களா என்பவற்றுக்கான விடையில் ஒரு சமூகத்தின் முழு அமைப்பும் அடங்கியிருக்கும். அவ்விடை நமக்கு உவப்பானதாக இல்லாமலும் போகலாம். அதனையும் மறைக்காமல் பதிவு செய்தலே ஆய்வு நேர்மை.

மாதவி ஆடிய மேடையின் அளவு நமக்குத் தெரியும். நம் பாட்டன்மார் கூத்தாடிய களத்தின் அளவு நமக்குத் தெரியாது. அதனைச் சொல்லக்கூடியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பதே நம்முன் உள்ள முதற்கடன்.